பதினொரு முடிச்சு

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி 'சினெர்ஜி' பற்றி ஆங்கிலத்தில் பேச, நான் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மருந்து சேர்ந்தால் நோய் சீக்கிரம் குணமாகும். இரண்டு வாத்தியம் சேர்ந்தால் இசை கூடும். அவர் பியானோ என்றதை நான் தவிலாக்கிக்கொண்டேன். அதுபோல தோட்டத்தின் இரண்டு டிவிஷன்களிலும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராக்களை ஒன்றாக்கினால் பலன் பெருகும் என்று முடித்தார்.

கூட்டம் நடந்ததே ஒரு பிள்ளைக்காம்பராவில்தான். பிள்ளைகள் உள்ளறையில் தூங்கினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா முன்பெஞ்சில் இருந்தார். ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருந்தது. இடுப்பில் ஒரு கயிறு. காலையில் வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுப் போனால் அதில் ஒரு முடிச்சுப் போடுவார். வந்து தூக்கிப் போனால் ஒன்றை அவிழ்ப்பார். அன்று பதினொரு முடிச்சு.

அவர் எழுந்தார். "மருந்து சரிங்க சேர், மேளமும் சரிங்க. ரெண்டு காம்பராவும் ஒண்ணானா பிள்ளைங்க ரெண்டு மடங்கு. ஆயா ரெண்டு பேருங்களா, ஒருத்திங்களா?"

ஆங்கிலத்தில் சொன்னேன். "மிக நல்ல கேள்வி" என்ற அதிகாரி திரையில் அடுத்த படத்துக்குப் போனார். அந்தப் பாராட்டையும் தமிழில் சொன்னேன்.

ஆயா உட்காரவில்லை. விரல்கள் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தன.

"சரிங்க சேர். பதிலையும் சொல்லுங்க."

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேச்சை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் சொல்லாமல் விட்டேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.