ஏதேனும் நான்கிற்கு விடையளி

இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் நோட்ஸ் எழுதி எழுதி அறிவியல் டீச்சருக்கு வலது தோள்பட்டை போயிருந்தது. அந்தத் தோளோடுதான் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். உட்கார்ந்தபடியே கொஞ்சம் தூங்கலாம் என்பது திட்டம். அங்கே ஒருவர், அறிவு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வழியில் ஓடும், ஒருவருக்குப் படம், ஒருவருக்குப் பாட்டு, ஒருவருக்குக் கைவேலை, எந்த வழி என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்றார். டீச்சருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. வேண்டாத வேலை, ஆனால் கலைந்துவிட்டது.

டீச்சர் திரும்பி வந்து அனுமதி கேட்டபோது ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“செய்யுங்க டீச்சர். ஆனா அரையாண்டுப் பரீட்சை எழுத்துப் பரீட்சைதான். உங்க வகுப்புல ஒரே ஒரு பிள்ளை ஃபெயிலானாலும் மறுநாளே பழையபடி நோட்ஸ். சரியா?”

“சரி சார்.”

ஏழாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். நோட்ஸ் என்றால் நாற்பத்தொரு நோட்டிலும் ஒரே பதில், கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கலாம். இப்போது ஒருவன் இரைப்பையைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறான், நான்கு பேர் நுரையீரலாக மூச்சு வாங்கி நடிக்கிறார்கள். களிமண் சிறுநீரகங்களை டீச்சர் சாப்பாட்டுப் பையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனார். “இன்னைக்குப் பையில இருக்கிறது சாப்பிடுறதா, திருத்துறதா?” என்று கணவர் கேட்பார். பதில் சொல்லவும் தெம்பிருக்காது. ஆனாலும் வகுப்பில் யாரும் கொட்டாவி விடவில்லை, டீச்சர் உட்பட.

எல்லாரிலும் டீச்சருக்குப் பெருமை ஓவியக்காரிதான். ஜன்னலோரத்துப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. எந்தப் பாடமானாலும் படம்தான் தேர்ந்தெடுப்பாள். அவள் வரைந்த இதயம் தாளில் துடிப்பதுபோல இருக்கும். பாகங்களின் பெயர் மட்டும் இருக்காது. பாவம், நேரம் போதவில்லை என்று டீச்சரே சிவப்பு மையில் பெயர்களை எழுதிவிடுவார். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டியும் வைத்தார்.

அரையாண்டு விடைத்தாள்களை இரண்டு நாள் திருத்தினார். நாற்பது பேர் பாஸ். கடைசியாக எடுத்தது ஓவியக்காரியின் தாள். முதல் பக்கத்தில் இதயம். அடுத்த பக்கம் முழுக்க முத்து முத்தான கையெழுத்து. “ஏதேனும் நான்கிற்கு விடையளி” என்று தொடங்கி, ஆறு கேள்விகளையும் அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். அடைப்புக்குறிக்குள் இருந்த மதிப்பெண்களைக்கூட விடவில்லை. விடை ஒன்றும் இல்லை. டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியைக் காட்டினார். அவள் வரியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“எழுத்து தெரியும் டீச்சர். சேர்த்துப் படிக்க வராது.”

“இத்தனை நாளா ஏன்மா சொல்லலை?”

“எது வருதோ அதைச் செய்யலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அதனால்தான் டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“பாஸ் போட்டுடுங்க டீச்சர்,” என்றாள் அவள், மெதுவாக.

போட்டிருக்கலாம். அந்தத் தாளை யாரும் கேட்கப் போவதில்லை. வகுப்பும் தப்பிக்கும், பாட்டும் நாடகமும் நடக்கும். இவளும் எட்டாம் வகுப்புக்குப் போய் அங்கேயும் வரைந்து ஒளிந்துகொள்வாள். டீச்சர் படத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகையிலும் நான்கு என்றே எழுதினார்.

ஹெட்மாஸ்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். “நான் அப்பவே சொன்னேன். ஒழுங்கா நோட்ஸ் எழுதிப் போட்டிருந்தா இப்படி ஆகுமா?”

“நான் கவனிக்கலை சார், என் தப்புதான். ஆனா அஞ்சாவதுலயும் ஆறாவதுலயும் இவ இதே பள்ளிக்கூடத்துலதானே நோட்ஸ் எழுதினா? அப்பவும் யாருக்கும் தெரியலையே.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“சாயங்காலம் அரை மணி நேரம் அவளை இருக்கச் சொல்லிப் படிக்கக் கத்துக்கொடுக்கிறேன் சார்.”

“தாராளமா செய்யுங்க. ஆனா வகுப்புல நாளைலேருந்து நோட்ஸ்தான். பேச்சு பேச்சா இருக்கணும் டீச்சர்.”

வாதாட டீச்சரிடம் தெம்பு மிச்சமில்லை. மறுநாள் வலிக்கும் தோளைத் தூக்கி, பலகை நிறைய இரத்த ஓட்டத்தைப் பற்றி எழுதினார். நாற்பத்தொரு தலைகள் குனிந்தன. முதலில் எழுதி முடித்து நோட்டை நீட்டியவள் ஓவியக்காரி. டீச்சர் வரிவரியாகப் பார்த்தார். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை.