விடாக்கண்டன் காய்ச்சிய லோஷன்

பஸ் டிப்போவில் அந்த மெக்கானிக்குக்கு விடாக்கண்டன் என்று பெயர். அடம்பிடிக்கும் வண்டியைக் கிளப்பாமல் சாப்பிடக்கூடப் போக மாட்டார். அப்பேர்ப்பட்டவரை ஒரு பாட்டில் லோஷன் இரண்டு மாதம் பெண்டு நிமிர்த்திவிட்டது.

காரணம் மனைவியின் கைகள். அவள் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நாளைக்கு அறுபது தடவை கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. கடை லோஷன் எதைத் தடவினாலும் எரிந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா? தலைமை நர்ஸ் பார்த்துவிட்டார். இரண்டு மாதத்துக்குள் ஆறாவிட்டால் குழந்தைகளைத் தொடக்கூடாது, ரெக்கார்டு அறைக்குத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று அவள் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

மறுநாளே மெக்கானிக் தானே லோஷன் காய்ச்சச் சமையலறையில் இறங்கினார். தண்ணீர் ஒரு பாத்திரத்தில். எண்ணெயும், இரண்டையும் பிரியாமல் கட்டிப்போடும் மெழுகும் இன்னொன்றில். முதல் பாட்டில் ஒரே நாளில் மாமியாரும் மருமகளும் மாதிரி மேலே எண்ணெய், கீழே தண்ணீர் என்று பிரிந்து நின்றது. இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது கலக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. தெர்மாமீட்டர் வாங்கினார். இரண்டாவது நன்றாகத் திரண்டு வந்தது, பத்தாம் நாள் பூசணம் பிடித்தது. கெடாமல் காக்கும் சரக்கை 'கெமிக்கல்' என்று ஒதுக்கியதன் பலன். அதையும் அளந்து சேர்த்தார். மூன்றாவது பாட்டிலை டிரைவர் நண்பர் ஒருவர் சீட்டுக்கடியில் வைத்து ஒரு வாரம் ரூட்டில் ஓட்டினார். அத்தனை குண்டு குழியிலும் அது பிரியவில்லை.

தன் முன்கையில் இரண்டு நாள் தடவிப் பார்த்தார். அரிப்பில்லை, சிவப்பில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, வாசனைக்கு லாவெண்டர் எண்ணெயும் தாராளமாக விட்டிருந்தார். அவள் தடவிய கால் மணி நேரத்தில் கை தக்காளியாகச் சிவந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் பரிதாபமாக.

"இருபது வருஷமா டீசல்ல கை கழுவுறீங்க. உங்க தோலுக்கு என்னத்தத் தெரியும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. கெடுவுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

அடுத்த பாட்டிலில் வாசனை கிடையாது. இந்த முறை அவளே தன் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மணமும் இல்லை, நிறமும் இல்லை, இதை லோஷன் என்று கொடுக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அவளோ ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் விடாமல் தடவினாள்.

கெடு முடிந்த அன்று தலைமை நர்ஸ் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். அன்று காலை பிறந்த குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

டூட்டி முடிந்ததும் அவள் நேராக டிப்போவுக்கே வந்துவிட்டாள். பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வந்தவரிடம் கையை நீட்டினாள். வலிக்குமே என்று அந்தக் கையை அவர் பிடித்து எத்தனையோ நாளாயிற்று. இன்று பார்த்து அவர் கையெல்லாம் கிரீஸ்.

"அழுக்காயிடும்" என்று தயங்கினார்.

"கழுவிக்கிறேன். இப்பதான் எரியாதே."