கண்ணாடியில் காய்ந்த முத்திரைகள்

வேலைக்கு விண்ணப்பம் எழுதியபோது அதில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு வரி இருந்தது. என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பொழுதைப் போக்க வேண்டிய தேவை வந்ததே இல்லை. தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பினால் பொழுது தானாகவே போயிருக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த வரியை வெறுமையாக விட மனம் வரவில்லை. ‘தபால் முத்திரை சேகரித்தல்’ என்று எழுதினேன். வகுப்பில் டவுன் பையன்கள் இரண்டு பேர் முத்திரை ஆல்பம் வைத்திருந்தார்கள். என்னைத் தொட விட்டதில்லை.

வேலை கிடைத்தது. கொழும்பு புதுக்கடையில் ஒரு லோயரின் கந்தோரில் டைப் அடிக்கும் வேலை. ஒருவரும் என் பொழுதுபோக்கைப் பற்றி விசாரிக்கவில்லை. ஆனாலும் எழுதியதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. அப்போது நான் அப்படிப்பட்ட ஆள்.

லோயருக்கு வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வரும். உறைகள் குப்பைக்கூடைக்குப் போகும். நான் அவற்றைப் பொறுக்கி, முத்திரைகளை உரித்தெடுத்து, ஓரத்தில் பிசிறாக நின்ற பற்களைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, சி.ஆர். கொப்பி ஒன்றில் கோந்து பூசி ஒட்டினேன். பக்கம் பார்க்க வடிவாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு மருதானை ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த பழைய புத்தகக் கடைக்குப் போனேன். அங்கே முத்திரையும் விற்றார்கள்.

கடைக்காரர் கொப்பியை விரித்தார். முகம் மாறியது.

“இது யாரு செஞ்ச வேல?”

“நான்தாங்க.”

“எதுக்குத் தம்பி பல்லெல்லாம் வெட்டினீங்க?”

“ஓரம் பிசிறா இருந்திச்சு. நீட்டா இருக்கட்டும்னுதான்...”

அவர் பக்கத்தில் நின்ற முஸ்லிம் வாடிக்கையாளரைக் கூப்பிட்டார். “காக்கா, இங்க வந்து பாருங்களேன். இவரு முத்திரைக்குச் சவரம் பண்ணிக் கூட்டி வந்திருக்காரு.”

இருவரும் சிரித்தார்கள். கடைக்குள் நின்ற இன்னும் சிலரும் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள். “பின்னுக்குக் கோந்து வேற. கொண்டு போய் செவத்துல ஒட்டுங்க” என்று கொப்பியைத் தள்ளிவிட்டார். பல் போன முத்திரைக்கு மதிப்பே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீரில் ஊற விட வேண்டும், இழுக்காமல் தானாக வழுக்கி வர விட வேண்டும், கண்ணாடியில் காய வைக்க வேண்டும், விரலால் தொடாமல் சாவணம் என்ற சிறு இடுக்கியால் பிடிக்க வேண்டும் என்று அவர் சொன்னார். எனக்குச் சொல்லித்தர ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. சாவணத்தையும், ஒட்டுவதற்கான மெல்லிய தாள்களையும், தடித்த ஆல்பம் ஒன்றையும் என் தலையில் கட்டுவதற்காகச் சொன்னார். வாங்கினேன். அந்தக் கடைப் பக்கம் பிறகு போனதில்லை.

நான் இருந்தது வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும், சந்து போன்ற ஒரு ஒழுங்கையில். வீட்டுக்காரி யாழ்ப்பாணத்தவர். எல்லோருக்கும் அவர் அன்ரி. அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். அந்த யுத்த நாட்களில் கொழும்பில் இருக்கும் தமிழன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று பொலிசில் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும். பதிவு இல்லாதவனை எந்தச் செக்பொயின்ரிலும் ட்ரக்கில் ஏற்றுவார்கள். என் பெயர் அன்ரியின் கையெழுத்துக்கு மேலே இருந்தது. அதனால் அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம். ‘இரவில் டியூப்லைற் போட வேண்டாம்’, ‘வாளியை இங்க வைக்க வேண்டாம்’ என்று தினமும் ஒரு புதுச் சட்டம் வரும்.

பக்கத்து அறையில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் அழைப்புக்காகக் காத்திருந்த ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் கனடா. நான் மனதுக்குள் அவரைக் கனடாக்காரர் என்றே கூப்பிட்டேன். அவருக்கு அண்ணனிடமிருந்து கடிதம் வரும். அன்ரிக்கு சுவிசில் இருந்த மகளிடமிருந்து வரும்.

எங்கள் தோட்டத்தில் கடிதம் என்பது ஊர்ச் சொத்து. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயரைக் கத்திக் கூப்பிட்டுக் கொடுப்பார். வாங்கியவர் நேரே என்னிடம் கொண்டு வருவார், வாசிக்கத் தெரிந்தவன் நான்தானே. லயமே கூடி நின்று கேட்கும். பிள்ளைப்பேறு, சண்டை, கலியாணம் எல்லாம் என் வாயால்தான் ஊருக்குத் தெரிய வந்தன. ஆகவே ஒருநாள் இரவுச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது, சாதாரணமாகக் கேட்டேன்.

“அன்ரி, ஒங்க மக சுவிஸ்லருந்து போடுற கடிதம் இருக்குல்ல, அந்தக் கவர எனக்குத் தர முடியுமா? அண்ணன், ஒங்களுக்கும் கனடாவுல இருந்து வருதே.”

கனடாக்காரர் இடியப்பத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“எங்களுக்குக் கடிதம் வாறது உமக்கெப்பிடித் தெரியும்?”

“தபால்காரர் வரும்போது பாத்தேன்.”

“பாத்தனீரோ. வேறென்னத்தையெல்லாம் பாத்தனீர்?”

வெளிநாட்டில் ஆள் இருப்பது தெரிந்தால் இயக்கத்துக்காரர் காசு கேட்டு வருவார்கள், பொலிஸ்காரர் காரணம் கேட்டு வருவார்கள். அதனால் அந்த வீட்டில் கடிதத்தைப் படித்ததும் உறையைக் கிழித்துப் போடுவார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். கிழித்துப் போட்டதைத்தானே எடுக்கிறேன் என்று, பின்பக்கக் குப்பைவாளியிலிருந்து முத்திரை ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். ஒரு பேசினில் ஊறவைத்து, என் அறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, திரைச்சீலையை இழுத்துவிடுவேன். பல் ஒன்றும் உடையாமல், காய்ந்ததும் தானாக உதிரும். இராணி படம், இலை படம், பனிமலை படம். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

கனடாக்காரர் என்னை வாளியடியில் கண்டுவிட்டார்.

“அன்ரி! இஞ்ச ஓடி வாங்கோ. குப்பைக்குள்ளயும் ஆள் வைச்சிருக்கிறாங்கள்!” பிறகு என்னிடம், “ஐசே, உம்மை ஆர் அனுப்பினது?”

“யாரும் அனுப்பலங்க. முத்திரதான் சேக்கிறேன்.”

“தோட்டக்காட்டானுக்கு என்னத்துக்கு ஐசே கனடா முத்திரை? கொழுந்துக் கூடைக்கு ஒட்டவோ?”

அன்ரி சிரிக்கவில்லை. “தம்பி, நல்ல பிள்ளை எண்டுதான் உம்மை வைச்சனான். மாசம் முடிய அறையை விட்டிட்டுப் போம். பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போய்ப் பேரையும் வெட்டிவிக்கிறன்.”

அறை போனால் போகட்டும். பெயர் போனால் அடுத்த செக்பொயின்ரில் நான் ட்ரக்கில். ஜிந்துப்பிட்டியில் இருந்த எங்கள் தோட்டப் பக்கத்து ஆட்களிடம் கேட்டேன். படுக்க இடம் தரலாம், புதிதாக ஆள் பதிய பொலிசுக்குப் போக மாட்டோம் என்றார்கள். அன்ரியிடம் திரும்பத் திரும்பக் கெஞ்சினேன். அவர் புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டே இருந்தார்.

மாதம் முடிவதற்குள் ஒரு ஞாயிறு காலை ஒழுங்கையை அடைத்துவிட்டுப் பொலிசும் ஆமியும் சோதனைக்கு வந்தார்கள். ஆண்கள் எல்லோரையும் ஹோலில் நிற்க வைத்தார்கள். என் அறையிலிருந்து ஆல்பம் வந்தது. பொலிஸ் அதிகாரி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புரட்டினார். கனடா, சுவிஸ், திரும்பவும் கனடா.

“மேவா கவுத எவன்னே?” என்று சிங்களத்தில் கேட்டார். இதெல்லாம் யார் அனுப்புவது?

கனடாக்காரர் சுவரோடு ஒதுங்கினார். அன்ரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இவர்களுடைய கடிதங்கள் என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் சில நாட்களில், சொல்லியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

“ஒபிஸ் எக்கே குணு பெட்டியென், சேர்” என்றேன். கந்தோர்க் குப்பைப்பெட்டியில் எடுத்தது. லோயர் தந்திருந்த வேலைக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் நீட்டினேன்.

“குணு பெட்டியென்?” அதிகாரி சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள். மருதானையில் கேட்ட அதே சிரிப்பு. தன் மகனுக்கு முத்திரை என்றால் உயிர் என்று சொல்லி, ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். ஒருவரையும் கொண்டு போகவில்லை.

கேற் சாத்தியதும் கனடாக்காரருக்குக் குரல் திரும்பி வந்தது.

“பாத்தீங்களே அன்ரி? கேட்ட உடன புத்தகத்தைக் குடுத்தனுப்பிப் போட்டார். வாங்க வந்தவை வாங்கிக்கொண்டு போயிட்டினம். இல்லாட்டி எங்களை இப்பிடி விடுவாங்களே?”

நான் அன்ரியைப் பார்த்தேன். நான் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவருக்குப் புரியாமல் இருக்காது. அந்தப் பனிமலை முத்திரை எந்த உறையில் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

“மாசம் முடியுமட்டும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. இண்டைக்கே போம்” என்றார்.

என் ஒரே பையைக் கட்டினேன். திரைச்சீலையை விலக்கினால் கண்ணாடியில் ஒரு முத்திரை மட்டும் மிச்சம். கனடாக்காரரின் கடைசிக் கடிதத்திலிருந்து முதல் நாள் இரவு ரகசியமாக எடுத்து ஒட்டியது, இன்னும் முழுதாகக் காயவில்லை. காயும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெளியே கனடாக்காரர் கதவைத் தட்டினார், அன்ரி கத்தினார், நான் எழும்பவில்லை. அது உதிர்ந்த பிறகுதான் சாவணத்தால் எடுத்துக்கொண்டு போனேன்.

ஜிந்துப்பிட்டிக்குப் போய்ச் சில கிழமைகளுக்குப் பிறகு கந்தோருக்கு அன்ரியின் ரெலிபோன் கோல் வந்தது.

“தம்பி, உம்மட பேர் இன்னும் என்ர வீட்டிலதான் கிடக்கு. ஒருக்கா ஸ்ரேசனுக்குப் போய் வெட்டிவிட்டிட்டு வாருமன்.”

“நீங்க போய் வெட்டுவிக்கிறதாத்தானே சொன்னீங்க, அன்ரி.”

“நான் அங்க போனால், ஏன் போனவர், எங்க போனவர் எண்டு என்னையெல்லோ இருத்தி வைச்சுக் கேப்பாங்கள்.”

“கேப்பாங்கதான்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவர் போகவே இல்லை. செக்பொயின்ரில் மறித்து எங்கே இருக்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம் வெள்ளவத்தை, இன்ன ஒழுங்கை, இன்ன வீடு என்று அன்ரியின் விலாசத்தைத்தான் சொன்னேன். புதிய ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருப்பது அந்தக் கனடா முத்திரை. ஒரு பல்கூடக் குறையவில்லை.