பொத்தான் டப்பாவில் மிச்சம்

தெருவில் அவரைப் 'பாதி' என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரர். டீ வாங்கினால் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைப்பார். பன்னைத் துணி வெட்டும் கத்தரியாலேயே இரண்டாக்குவார். மறுபாதி, உள்ளறையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் மனைவிக்கு. அவளும் அப்படியே, எதிலும் பாதி அவருக்கு.

மாத்திரையிலும் அதே கணக்கு. காய்ச்சல் விட்டதும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடுவார். மிச்சம் பொத்தான் டப்பாவுக்குள் போகும்.

"உனக்கு வந்தா வேணுமில்ல?" என்பார் அவளிடம்.

கொள்ளைநோய் வந்த வருடம் ஊருக்கே முகக்கவசம் தைத்தார். காய்ச்சல் அவளுக்குத்தான் வந்தது. டப்பாவைத் திறந்தார். வைரஸை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது என்று அவருக்குத் தெரியாது. காய்ச்சல் தானாகத் தணிந்தபோது, டப்பாதான் காப்பாற்றியது என்று நம்பினார்.

"பாதி முகத்த மூடினா நீங்களும் அழகாத்தான் இருக்கீங்க" என்றாள் அவள், எழுந்து உட்கார்ந்து.

காய்ச்சல் திரும்பி வந்தது. சளி மஞ்சளானது, மூச்சு வாங்கியது. டப்பாவில் இருந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நீட்டிய டப்பாவுக்குள் டாக்டரம்மா பார்த்தாள். பொத்தான்களுக்கு நடுவே காலி மாத்திரை அட்டைகள்.

"வைரஸ் அடிச்சுப் போட்ட நுரையீரல்ல இப்ப பாக்டீரியா புகுந்திருக்குங்க. சளியப் பரிசோதிச்சோம். வழக்கமான மருந்து எதுக்கும் அது மசியல. கேக்குறது ரெண்டுதான். ஒண்ணு ஊசி, ஒண்ணு மாத்திரை."

"நான் குடுத்ததாலயா?"

டாக்டரம்மா டப்பாவை மூடினாள்.

"உங்களாலதான்னு சொல்ல முடியாது. ஊரே இப்படித்தான் சாப்பிடுது. அரைகுறையா மருந்து குடுத்தா, சாகாம தப்பிச்ச கிருமிதான் பெருகும். அடுத்த தடவ அதே மருந்து வேலைக்காகாது. இனிமேயாவது முழுசா முடிங்க."

அவர் வாசலில் டீ வாங்கி, பாதியைக் குடித்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளே விடவில்லை. ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு இன்னொன்று வாங்கினார். அதிலும் பாதி ஆறியது.

ஊசிக்கு நோய் கேட்டது. மெலிந்து, கையில் மீதி நாட்களுக்கான மாத்திரை அட்டையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். உடம்பு தேறியதும் பழையபடி காஜா எடுக்க உட்கார்ந்தாள். ஒரு மாலை நூல் தேடி டப்பாவைத் திறந்தவர், பொத்தான்களுக்கு அடியில் அந்த அட்டையைப் பார்த்தார். இரண்டு மாத்திரை மிச்சம்.

"இது என்ன?"

"எனக்குத்தான் சரியாயிடுச்சே. உங்களுக்கு வந்தா வேணுமில்ல?"

அவர் ஒரு மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை நீட்டினார். விழுங்கினாள்.

"நாக்க நீட்டு."

"நான் என்ன பச்சப் புள்ளையா?"

"நீட்டுடி."

நீட்டினாள். இன்னொன்றை மறுநாளைக்கு எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டீயில் மட்டும் பாதியை அவள் பக்கம் நகர்த்தினார். சூடாக இருந்தது.