செங்கோட்டைக்கு அப்பால் நான் எழுதாமல் விட்ட ஐந்து கிலோமீட்டர்

சைக்கிள் பயணத்தைப் பற்றி எழுதினால் வழியை எழுத வேண்டும், பயந்ததையும் எழுத வேண்டும். இதை நான் போன ஜூலை சாரலில்தான் கற்றுக்கொண்டேன். சைக்கிளில் குற்றாலம் போனதை எழுதிய என் பழைய பதிவைப் படித்துவிட்டு, "என்னையும் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போலே" என்று அக்கா செல்வி கேட்டாள். வயது ஐம்பது. சர்க்கரைக்கு ஊசி போடுபவள். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வந்துவிடும்.

தங்கியிருந்த குத்துக்கல்வலசையிலிருந்து காலை 6.20க்குக் கிளம்பினோம். மேலகரம் வழியாகப் போனால் பக்கம்தான். செங்கோட்டையைச் சுற்றிப் போனால் வயல்களைப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். செங்கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே என் பின்சக்கரம் பஞ்சர்.

"நீ ஒட்டிட்டு வாலே. நான் முன்னால போயி ஐந்தருவில நிக்கேன். வழிதான் எழுதிவச்சிருக்கியே" என்று போய்விட்டாள்.

ஒட்டி முடிக்க நாற்பது நிமிடம். 8.10க்கு ஐந்தருவியில் நின்றேன். அக்கா இல்லை. பெரிய அருவி வரை தேடினேன். அங்கும் இல்லை. அவள் போன் அணைந்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவளுடைய சாப்பாட்டுப் பை என் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்த வழியே செங்கோட்டைக்குத் திரும்பி, டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, மஞ்ச மழைக்கோட்டு போட்டு, சைக்கிள்ல ஒரு அம்மா போனாங்களா?"

"போனாவளே! மலையப் பாத்து நேரா போனா குத்தாலம்னு எழுதியிருக்குன்னாவ. அது புளியறை ரோடுல்லா, கேரளா லாரி போற வழி! நான் சொல்லுததுக்குள்ள போயிட்டாவ."

எழுதியவன் நான். அழகாக இருக்கட்டும் என்று எழுதிய வரி.

தூறலில் மிதித்தேன். ஒவ்வொரு லாரி உரசிப் போகும்போதும் சாலையோரப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கிலோமீட்டரில், நிறுத்தியிருந்த லாரியின் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. அக்கா உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது.

"பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். சேச்சிக்கு ஒண்ணும் இல்ல" என்றார் லாரிக்காரர். தலைசுற்றி விழுந்தவளைப் பார்த்து வண்டியை நிறுத்தி, பழம் கொடுத்தவர் அவர்தான்.

"மலையப் பாத்துக்கிட்டேதாம்லே வந்தேன். ஒன் குத்தாலம் எங்கலே?" என்றாள் அக்கா. "போன தடவ இங்கன லாரியே இல்லியா?"

"இருந்துச்சுக்கா. நானும் வழி தப்பி இங்கனதான் வந்தேன். ஒரு ஆட்டோக்காரர் ஏத்திட்டுப் போய் குத்தாலத்துல விட்டாரு."

"பொறவு ஏன் எழுதல?"

"வெக்கமா இருந்துச்சு."

அவள் எழுந்து, என் சைக்கிளில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்துத் தன் சைக்கிளில் மாட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் போவதாக இருந்தால்: செங்கோட்டையில் குற்றாலம் பலகையைப் பார்த்து இடப்பக்கம் திரும்புங்கள். நேரே போகாதீர்கள். பலகை கண்ணில் படாவிட்டால் கடையில் கேளுங்கள். அவரவர் சாப்பாடு அவரவர் சைக்கிளிலேயே இருக்கட்டும். பழைய பதிவில் அந்த வரியை அழிக்கவில்லை. அதன் கீழே நடந்ததை எழுதியிருக்கிறேன்.

அக்கா இப்போதும் என்னோடு சைக்கிளில் வருகிறாள். ஆனால் என் பதிவை நம்பி வருவதில்லை. ஒவ்வொரு முக்கிலும் இறங்கி, அங்கே நிற்பவர்களிடம் தானே வழி கேட்டுக்கொள்கிறாள்.