மூலை வெட்டிய உறைகள்

அக்னெஸ் அக்காவின் தகப்பன் எழுதிய கடிதங்களை நான்தான் காப்பாற்றினேன் என்று மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் பலர் நினைக்கிறார்கள். புத்தகம் வெளியிட்ட அன்று எனக்குக் கைதட்டினார்கள். அந்தக் கடிதங்களுக்கு வந்த ஒரே ஆபத்து நான்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்னெஸ் அக்கா 1928இல் இலங்கையின் பேசாலையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் சவிரிமுத்தர் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று நாவல்கள் எழுதி அச்சிட்டவர். இன்று அவற்றை வாசித்தவர்களை விரலால் எண்ணலாம். நான் அந்த எண்ணிக்கையில் இல்லை. 1951 தை மாதத்தில் அக்கா, தபால் கந்தோரில் வேலைபார்த்த குணரத்தினம் என்ற சைவக்காரரை, வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் ஐப்பசியில் தகப்பன் இறந்துபோனார். இடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. புருசனுக்கு வேலை மாற்றம் வந்த ஊர்களிலெல்லாம் குடியிருந்து, அவரையும் அடக்கிவிட்டு, 1989இல் மகள் ஜெயனி கூப்பிட்டு மொன்றியலுக்கு வந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்தார். 2004இல் பனியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, அவரைப் பராமரிக்க நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் செலீன். முதியோரைப் பராமரிக்க முறையாகப் படித்து, முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் வேலைசெய்து ஓய்வுபெற்றவள். எதையும் துடைத்து, மடித்து, இலக்கம் போட்டு வைக்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

2006 சித்திரையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிஸ்கற் தகரம் வந்தது. சவிரிமுத்தர் தன் தம்பிக்கு எழுதிய நாற்பத்துமூன்று கடிதங்கள் அதற்குள் இருந்தன. தம்பி ஒரு குருவானவர். அக்காவுக்குச் சாமிச் சித்தப்பா. அவர் இறந்து முப்பது வருடம் கழித்து அவருடைய ட்ரங்குப் பெட்டியை யாரோ திறந்திருக்கிறார்கள்.

தகரத்தில் தூசி. அக்காவுக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு. ஆகவே அவர் தொடுவதற்கு முன் நான் துப்புரவாக்கினேன். ஒவ்வொரு கடிதத்தையும் அதன் உறையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இலக்கமிட்டேன். ஒன்றையும் வாசிக்கவில்லை. பிறர் கடிதத்தை வாசிக்கக்கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். பிறர் உறையை வெட்டக்கூடாது என்று அதில் ஒரு பாடம் இருக்கவில்லை.

எங்கள் பங்குக் கோவிலில் மிஷனுக்காகப் பழைய தபால் முத்திரை சேர்ப்பார்கள். உறையில் கால் அங்குலம் விட்டு முத்திரையை வெட்டிப் பெட்டியில் போடவேண்டும். நாற்பத்துமூன்று இலங்கை முத்திரைகளைக் கண்டதும் எனக்குப் புண்ணிய ஆசை வந்துவிட்டது. காயக் கட்டு வெட்டும் கத்தரிக்கோலால், கால் அங்குலம் கேட்ட இடத்தில் தாராளமாக ஒன்றரை அங்குலம் விட்டு, நாற்பத்துமூன்று மூலைகளையும் வெட்டினேன். ஞாயிறு பூசைக்குப் போனபோது பெட்டியில் போட்டேன். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது.

மூன்று வாரம் கழித்து நகுலேஸ்வரன் வந்தார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். மற்ற நேரத்தில் பழைய புத்தகங்களைத் தேடி அச்சிடுபவர். கடிதங்களைப் புத்தகமாக்க விரும்பினார். நாலைந்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அம்மா, ஐயா ஒண்டிலயும் வருஷம் போடேல்லையே? 'சூசையப்பர் திருநாளுக்கு மறுநாள்' எண்டெல்லோ கிடக்கு."

"அவர் அப்பிடித்தான். திருநாளை வைச்சுத்தான் தேதி எழுதுவார்," என்றார் அக்னெஸ் அக்கா. "உறையிலை தபால் கந்தோர்ச் சீல் இருக்கும். அதை வாசிக்க என்ர கண் காணாது எண்டு நான் உறையளை வெளியிலை எடுக்கேல்லை, நீங்கள் பாருங்கோ."

நகுலேஸ்வரன் ஓர் உறையை எடுத்தார். பிறகு இன்னொன்றை. மூலை இல்லாத உறையின் ஓட்டையால் என்னைப் பார்த்தார்.

"எலியோ, அக்கா?"

"இல்லை, நான்," என்றேன்.

அக்னெஸ் அக்கா கத்தவில்லை. இரண்டு பைகளை மட்டும் எடுத்து மேசையில் வைத்தார். நாற்பத்துமூன்றில் இந்த இரண்டில்தான் அவருடைய பெயர் வருகிறது. ஒன்று ஆனியில் வரும் அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள் எழுதியது: 'தம்பி, அக்னெசை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வா. அவனும் வரட்டும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.' மற்றது ஆவணி மடுத் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் எழுதியது: 'அக்னெசைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. வாசல் படலை சத்தம்போட எழும்பிப் பார்க்கிற வருத்தம் எனக்குப் போதும்.'

"எது முந்தினது, எது பிந்தினது எண்டு தெரியாமல் ரெண்டு கிழமையா இதைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன்," என்றார் அக்கா. "மடுக் கடிதம் ஐம்பத்தொண்டு எண்டால் ஐயா பேந்து மனம் மாறியிருக்கலாம். ஐம்பத்திரண்டு எண்டால் அதுதான் அவரின்ர கடைசிச் சொல். என்ர மனுசன் சீல் குத்தினவர், செலீன். அவர் இருந்திருந்தால் உன்ர நெத்தியிலை ஒண்டு குத்தியிருப்பார்."

அடுத்த நாள் பங்குக் காரியாலயத்துக்குப் போனேன். முத்திரைகள் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டனவாம். முப்பத்தோராம் இலக்க உறையை, அதுதான் மடுக் கடிதத்தின் உறை, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

மடத்தின் நிலவறையில் வயதான ஒரு கன்னியர் சப்பாத்துப் பெட்டிகளின் நடுவே இருந்தார். என்னுடைய பிரெஞ்சு முதியோர் இல்லத்தில் கற்றது. 'கையைத் தூக்குங்கள்', 'மெதுவாகத் திரும்புங்கள்', 'முடிந்ததா?' என்பவை நல்ல சரளம். முத்திரையைத் திருப்பிக் கேட்க எனக்கு வார்த்தை இல்லை. உறையின் ஓட்டையைக் காட்டி, என் நெஞ்சில் தட்டி, கத்தரிக்கோல் போல விரல்களை ஆட்டினேன். அவர் சிரித்து முடிக்கச் சில நிமிடம் எடுத்தது. பிறகு ஆசியா என்று எழுதிய பெட்டியைத் தள்ளிவிட்டார்.

இரண்டு மணித்தியாலம் ஓட்டையோடு துண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன். என் கத்தரிக்கோலின் ஒரு நுனி மழுங்கல். அது திரும்பும் இடத்தில் கடதாசி கொஞ்சம் பிய்ந்திருக்கும். அந்தப் பிய்ச்சலால்தான் என் துண்டுகளை அடையாளம் கண்டேன். ஒழுங்காக வெட்டியிருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன். முப்பத்தொன்று பொருந்தியது. சீல் தெளிவாக இருந்தது: பேசாலை, 18 ஓகஸ்ட் 52.

அப்படியென்றால் கடைசிச் சொல் 'எழுதாதே' என்பதுதான்.

திரும்பும் வழியில், துண்டு அகப்படவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். பதினேழு வருடம் காய்ச்சல் மானியில் கண்டதை அப்படியே எழுதியவள் நான். ஒரு தரம் குறைத்துச் சொன்னால் என்ன? மெட்ரோ செயின்ட்-மிஷேலை அடைய முன்பே அந்த யோசனை வெட்கத்தில் செத்துப்போனது. உறையின் மூலையை நான் வெட்டியது போதும்.

அக்கா துண்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். பிறகு இரண்டு கடிதத்தையும் புது ஒழுங்கில் வைத்து வாசித்தார். வாசித்துவிட்டு மறுபடி வாசித்தார். நான் அவருடைய நாடி பிடிக்கக் கையை நீட்டினேன். பழக்கம். தட்டிவிட்டார்.

"படலை சத்தம்போட எழும்பிப் பாக்கிறன் எண்டதை, நான் வந்து வாசலிலை நிண்டிடுவன் எண்ட பயம் எண்டெல்லோ நினைச்சன். அந்தோனியாருக்குக் கூட்டி வா எண்டு எழுதியிருக்கிறார். மடுத் திருநாள் வரைக்கும் படலையைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார், செலீன்."

"ஓம், அக்கா."

"அந்தச் சித்தப்பன் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லை! அந்தாளுக்கு முப்பது வருஷமாப் பூசை ஒப்புக்குடுக்கிறன்!"

"ஐயாவுக்கு?"

"ஐயா என்னட்டையிருந்து ஒண்டும் வாங்கமாட்டார் எண்டு விட்டிட்டன்."

மேலும் மூன்று தரம் அந்த நிலவறைக்குப் போய், எல்லாமாக முப்பத்தெட்டுத் துண்டுகளை மீட்டேன். மற்ற ஐந்தும் மிஷனுக்குப் போய்விட்டன, யாருக்காவது பயன்பட்டிருக்கட்டும். நகுலேஸ்வரன் புத்தகத்தை 'கூட்டிக்கொண்டு வா' கடிதத்தோடு முடிக்க விரும்பினார். வாசிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார்.

"ஆறுதல் வேணுமெண்டால் செலீன் குளிசை தருவாள், தம்பி. ஐயா எழுதின ஒழுங்கிலை போடுங்கோ," என்றார் அக்கா. அப்படியே போட்டார்கள்.

அது பிறகு. சீல் கிடைத்த மாலை நான் வெளிக்கிடும்போது அக்கா கூப்பிட்டார்.

"நாளைக்குப் பங்குக்குப் போய் இந்த மாசப் பூசையிலை சித்தப்பாவின்ர பேரை வெட்டிப்போட்டு ஐயாவின்ர பேரை எழுதிப்போட்டு வா. வெட்டிறது உனக்குக் கைவந்த வேலைதானே."

போனேன். பெயரை எழுதினேன்: சவிரிமுத்து, பேசாலை, ஒப்புக்கொடுப்பவர் மகள். முத்திரைப் பெட்டி மேசையில் அதே இடத்தில் இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.