தையலிலா, கொக்கியிலா

பூவிழிக்குத் துப்பாக்கி என்றால் பயம் என்று புதுச்சேரி ஆயுதப்படையில் எல்லோருக்கும் தெரியும். காவலர் சீருடையை மாட்டிக்கொண்டு துப்பாக்கிக்குப் பயந்தால் நாலு பேர் சிரிக்காமல் இருப்பார்களா? சிரித்தார்கள். வருடா வருடம் சுடும் பயிற்சிக்குப் பெயர் எழுதும் வாரத்தில், சொல்லிவைத்தாற்போல் அவளுக்கு இடுப்புவலி வரும். இடுப்பு ஏமாற்றினால் காய்ச்சல் கைகொடுக்கும். வயர்லெஸ் அறையில் காதுக்கருவியோடு உட்கார்ந்து எழுந்தால் அவளுடைய அன்றைய போலீஸ் உத்தியோகம் முடிந்தது. "உன் இடுப்புக்கு காலண்டர் பாக்கத் தெரியும்டி" என்று கூட வேலைபார்க்கும் சுமலதா கிண்டலடிப்பாள்.

சிரித்தவர்களும் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். காரணம் இருந்தது. பூவிழியின் புருஷன் சில்வேன் அதே ஆயுதப்படையில் காவலராக இருந்தவன். பாரா நின்ற இடத்தில், தன் கார்பைன் வெடித்தே செத்துப்போனான். அவன் போன பிறகு கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்ததுதான் இந்த வேலை. கார்பைன் என்பது பிஸ்டலில் போடுகிற அதே சின்னத் தோட்டாவைப் போட்டு, தோளில் முட்டுக்கொடுத்துச் சுடுகிற குட்டைத் துப்பாக்கி. அது தவறி விழுந்து வெடித்தது, விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்.

சில்வேனுக்குக் கொடுத்திருந்த துப்பாக்கியின் தோள்வார் பழசு. வியர்வையில் ஊறி, விறைத்து, கழுத்தை அறுத்தது. கால்கடுக்க நிற்கிற காவலர்கள் சர்க்கார் புது வார் கொடுக்கும் என்று காத்திருக்கவா முடியும்? ஒருவன் பள்ளிக்கூடப் பையின் வாரை மாட்டினான், இன்னொருவன் நைலான் பட்டையைக் கட்டினான். சில்வேனின் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக, சொல்தாவாக, இருந்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை அந்த வீட்டோடு நின்றுபோனது. இவர்கள் பக்கம் வந்து சேர்ந்தது பெரியம்மா பாரீஸிலிருந்து தூக்கிவந்த ஒரு பழைய வலீஸ் பெட்டி மட்டும்தான். அந்தப் பெட்டி சக்கரம் உடைந்து பரணில் கிடந்தது. பூவிழி அதன் வாரை வெட்டி எடுத்து, உறுத்தாமல் இருக்க உள்ளே பஞ்சு வைத்து, நெல்லித்தோப்பு வீட்டுத் தையல் மெஷினில் தைத்துக் கொடுத்தாள். இரண்டு முனையிலும் அந்தப் பெட்டியின் பிளாஸ்டிக் கொக்கிகளையே வைத்துவிட்டாள். சில்வேன் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இனி கவர்னர் வீட்டுப் பாராவுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று பீற்றிக்கொண்டான்.

அவன் செத்த அன்று, கூடப் பாரா நின்ற சாமிக்கண்ணு வீட்டுக்கு வந்தான். வார் அறுந்து துப்பாக்கி கீழே விழுந்து வெடித்துவிட்டது என்று சில்வேனின் அம்மா பெர்னதெத்திடம் சொன்னான். பெர்னதெத் திரும்பித் தையல் மெஷினைப் பார்த்தாள். மருமகளைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இரண்டு பேரும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். குழந்தை கிடையாது. பாகூரிலிருந்து பூவிழியின் அண்ணன்மார் வந்து, வேதக்கார வீட்டில் இனி உனக்கு என்ன வேலை, புறப்படு என்று கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. பெர்னதெத் ஒருநாளாவது வாய்விட்டுத் திட்டியிருந்தால் பூவிழியும் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பாள். அந்த அம்மாள் திட்டவே இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். தையல் மெஷின்மேல் மட்டும் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதன் அருகில் மருமகளை விடாமல் தானே தூசி தட்டினாள். கல்லறைத் திருநாளன்று உப்பளம் கல்லறைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவார்கள். மெழுகுவத்திப் பொட்டலத்தைத் தூக்கிவருவது பூவிழி; ஏற்றுவது பெர்னதெத். ஒரு வத்தியைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை.

பூவிழியை அரித்துக்கொண்டிருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். வார் எந்த இடத்தில் அறுந்தது? தையலிலா, கொக்கியிலா? கொக்கி உடைந்திருந்தால் அந்தப் பாவம் பெட்டி செய்தவனைச் சேரும். தையல் விட்டிருந்தால் தன் புருஷனைத் தானே கொன்றவள் ஆவாள். பஸ்ஸில் ஏறினால் முன்னால் நிற்பவர்களின் பை வாரில் தையலைத் தேடும் அவள் கண். துணிக்கடையில் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டால் வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். பதில் தெரிந்த ஒரே ஆள் சாமிக்கண்ணு. அவனை முதலில் ஏனாமுக்கும் பிறகு காரைக்காலுக்கும் மாற்றிவிட்டார்கள். போனில் கேட்கிற கேள்வியா இது?

இந்த வருடம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. ஆயுதப்படைக்குப் புது கார்பைன்கள் வந்தன. அலுவலகத்தில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் சுட்டே ஆகவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். சாமிக்கண்ணுவும் எஸ்.ஐ.யாகப் பதவி உயர்ந்து ஊர் திரும்பி, சுடுதளத்துக்குப் பொறுப்பாளராக வந்தான். பூவிழியின் இடுப்பு இந்த முறை வலிக்கவில்லை.

சுடுதளத்தில் பயிற்சி கொடுத்தவன் விஜய் என்ற இளைஞன். புது பைக் வாங்கியவன் ஒவ்வொரு சாமானாக மாட்டி அழகு பார்ப்பதுபோல, துப்பாக்கியின் முதுகில் பல்பல்லாக இருந்த பட்டையில் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினான். மேலே, உள்ளே பார்த்தால் சிவப்புப் புள்ளி தெரியும் ஒரு சின்னக் கண்ணாடி. குழலுக்குக் கீழே டார்ச். பின்னால், ஆளின் கை நீளத்துக்குத் தக்கபடி இழுத்துக்கொள்ளும் தோள்கட்டை. பூவிழி குள்ளம். ஆகவே கட்டையை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு அவளிடம் கொடுத்தான். இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரு நல்ல சமையல் குக்கர் இதைவிடக் கனக்கும்.

முதலில் படுத்துக்கொண்டு, மணல் மூட்டைமேல் வைத்துச் சுட வேண்டும். பழைய துப்பாக்கி என்றால் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். இதற்கு இரண்டு கண்ணையும் திறந்துவைத்து, புள்ளி போய் உட்கார்ந்ததும் விரலை அழுத்தச் சொன்னான். தோள் கழன்றுவிடும் என்று பல்லைக் கடித்தபடி அழுத்தினாள். பின்னாலிருந்து யாரோ தட்டிக் கூப்பிட்டாற்போலத் தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். சூடான காலித் தோட்டாக் கூடு ஒன்று மணிக்கட்டில் பட்டு உருண்டது. கருமருந்து வாடை வந்தது. அடுத்ததைச் சுட்டாள், அதற்கடுத்ததையும். எல்லாம் அட்டையில் கிட்டக்கிட்டவே பட்டிருந்தன. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. சில்வேனைக் கொன்ற சாமான் தன் கையில் இவ்வளவு பதவிசாக இருக்கிறதே என்று நினைத்தபோதுதான் விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

அப்போது பக்கத்தில் யாரோ விசையை விடாமல் அழுத்தித் தோட்டாக்களைத் தொடர்ந்து விட்டார்கள். பெடலை வேகமாக மிதித்தால் தையல் மெஷின் ஓடுகிற அதே சத்தம். பூவிழி மணல் மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று விஜய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இளைப்பாறும் நேரத்தில், பழைய துப்பாக்கிக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுகிறேன் என்று பழைய கார்பைன் ஒன்றை அவன் எடுத்தான். அவனுக்கு அவளுடைய கதை தெரியாது. தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, அதன் பின்பக்கத்தைப் பலகையில் ஓங்கித் தட்டினான். உள்ளேயிருந்த இரும்புக் கட்டை பின்னால் நழுவி, முன்னால் பாய்ந்து, டக்கென்று நின்றது. தோட்டா இருந்திருந்தால் இந்நேரம் யாராவது ஒருவர் காலி என்றான். புதுசைத் தட்டினான், கம்மென்று இருந்தது. சுமலதா ஓரக்கண்ணால் பூவிழியைப் பார்த்தாள். பூவிழி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளிலிருந்து தரைக்கு அப்படி என்ன தூரம்? ஒரு வார் அறுந்தால் போதும்.

அடுத்தது நின்றுகொண்டு சுடுவது. அதற்கு வார் மாட்டாமல் நிற்கக்கூடாது. எல்லோரும் புது வார்களை எடுத்து மாட்டி, தோளில் போட்டு, இறுக்கிச் சரிபார்த்துக்கொண்டார்கள். பூவிழி தன்னுடையதைத் தொடவே இல்லை. வார் இல்லாமலே சுடுகிறேன் என்றாள். விஜய் முடியாது என்றான். அவன் குரல் ஏறுவதைக் கேட்டு சாமிக்கண்ணு நிழலிலிருந்து எழுந்து வந்தான். தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தான். விஜயைப் போகச் சொல்லிவிட்டு, தானே வாரை எடுத்து அவளுடைய துப்பாக்கியில் மாட்டினான்.

"இது ஸ்டீல் கொக்கி தங்கச்சி. ஆனையக் கட்டி இழுத்தாலும் வராது."

 இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கப்போவதில்லை என்று பூவிழிக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு எங்க அறுந்துது அண்ணே? தையல்லயா, கொக்கியிலயா?"

எது என்று அவன் கேட்டான். சில்வேனின் வார் என்றாள். அதைத் தைத்துக் கொடுத்தது தான்தான் என்றும் சொன்னாள்.

சாமிக்கண்ணு துப்பாக்கியை மெல்லக் கீழே வைத்தான். பாரீஸ் வார், பெரியம்மா அனுப்பியது என்றுதான் சில்வேன் படை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பெண்டாட்டி பழைய பெட்டியில் வெட்டித் தைத்தது என்று அந்தப் பீற்றல்காரன் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை.

"எங்கயும் அறுகலம்மா" என்றான் சாமிக்கண்ணு.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். சத்தம் கேட்டு அவன் ஓடியபோது துப்பாக்கியில் வாரே இல்லை. சில்வேன் அதைக் கழற்றி, மடித்து, திறக்காத டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்திருந்தான். அப்படியே சொன்னால், தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனைக் கோயிலில் பூசை வைத்துப் புதைப்பார்களோ மாட்டார்களோ, அந்த அம்மாள் என்ன ஆவாளோ என்று சாமிக்கண்ணுவுக்குக் கை கால் ஓடவில்லை. வாரை எடுத்து ஒளித்துவிட்டான். கைதவறி விழுந்தது என்று மேலதிகாரிகளிடம் சொன்னான். எப்படித் தவறும் என்று வீட்டில் கேட்பார்களே என்று, வார் அறுந்ததாகச் சொல்லிவிட்டான்.

"வார் மேல பழியப் போட்டுட்டா மனுசங்க மேல வராதுன்னு நெனச்சேன் தங்கச்சி. நீ தச்சதுன்னு எனக்குச் சத்தியமா தெரியாது."

ஒரு மூச்சு நேரம் பூவிழிக்கு நிம்மதியாக இருந்தது. தையல் விடவில்லை. அவள் தைத்தது கெட்டியாகத்தான் இருந்திருக்கிறது. அடுத்த மூச்சில் மீதி புரிந்தது. கழற்றிப்போட்ட சட்டையைக்கூட மடிக்காதவன் அதை மடித்து வைத்திருக்கிறான். தன் சாவில் அவள் கைபட்ட பொருள் சேரவேண்டாம் என்று தனியே எடுத்து வைத்திருக்கிறான். அந்தக் கடைசி மாதம் அவன் சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்தது, கூப்பிட்டால் காதில் விழாதவனாக வாசற்படியில் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் பாரா அலுப்பு என்றே அவள் நினைத்திருந்தாள். என்ன குறை என்று அவள் கேட்கவே இல்லை. இனி யாரிடம் கேட்பது?

மீதித் தோட்டாக்களையும் நின்று சுட்டாள். எங்கே பட்டது என்று பார்க்கவில்லை.

வீடு வரும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்: நான் தச்ச வார் அறுகல அத்தை. முதலில் இதைச் சொல்ல வேண்டும். மற்றதை அந்த அம்மாள் எப்படி வேண்டுமானாலும் தாங்கிக்கொள்ளட்டும். ஒன்பது வருடம் தான் தாங்கவில்லையா? அவளுக்குக் கோபம்கூட வந்தது.

பெர்னதெத் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சில்வேனுக்குத் திவசப் பூசை சொல்லக் கோயிலுக்குப் போய்வந்தேன் என்றாள். சாமிக்கண்ணு ஊருக்கு வந்துவிட்டானாமே, பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றாள் பூவிழி. கீரை ஆயும் கை நின்றது.

"வார் அறுந்துதுன்னு அவன் அன்னைக்குச் சொன்னது நெசந்தானா பூவிழி? கேட்டியா?"

பூவிழி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அதில் குற்றம் சாட்டும் களையே இல்லை. பயம் இருந்தது. இத்தனை வருடமாக இந்த அம்மாள் அந்த வாரை நம்பித்தான் காலையில் எழுந்து கோயிலுக்குப் போயிருக்கிறாள். வார் அறுந்திருந்தால் மகன் மோட்சத்தில் இருப்பான். அறுந்திருக்காவிட்டால் எங்கே இருப்பான் என்று யோசிக்கவே அவளுக்குத் துணிவில்லை. வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியத்தைப் பூவிழி இனிச் சொல்ல முடியாது. கொக்கி என்று சொல்லலாமா என்று பார்த்தாள். கொக்கி என்றால், தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்கிறாள் என்று அத்தைக்குச் சந்தேகம் வரும். தையல் என்றால் நம்புவாள்.

"அறுந்துதுதான் அத்தை. தையல் விட்டுப்போச்சாம்."

பெர்னதெத் கண்ணை மூடி, அடக்கிவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். முழங்காலைப் பிடித்தபடி எழுந்து வந்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, மருமகளின் தலையில் கை வைத்தாள்.

"நான் உன்ன மன்னிச்சிட்டேன் பூவிழி" என்றாள்.

"சரி அத்தை" என்றாள் பூவிழி.